சர்வர் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்காதீர்கள்

கைபேசிச் செயலிகளின் நிரல்களைத் திறந்து பார்த்தால் அடிக்கடி கண்ணில் படும் சிறு ஃபங்ஷன் ஒன்று உண்டு. பெயர் ஆளுக்கு ஆள் மாறும், வேலை மாறாது. பயனர் 'அனுப்பு' பொத்தானைத் தட்டியதும், அனுப்ப வேண்டியதை அனுப்புவதற்கு முன்னால், சர்வர் ஆன்லைனில் இருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். 'ஆம்' என்றால் உண்மையான கோரிக்கை கிளம்பும். 'இல்லை' என்றால் 'சர்வர் கிடைக்கவில்லை, பிறகு முயலவும்' என்றொரு பெட்டி திரையில் வந்து நிற்கும். பார்வைக்குப் பொறுப்பான வேலை மாதிரியே இருக்கும். அந்த ஃபங்ஷனை எடுத்துவிடுங்கள் என்று சொல்வதற்குத்தான் இந்த அத்தியாயம். அதை எவ்வளவு திறமையாக எழுதினாலும் பயனில்லை. அது கேட்கும் கேள்விக்குக் கைபேசியில் உட்கார்ந்துகொண்டு நம்பகமான விடை பெற வழியில்லை, கிடைக்கிற விடையும் கையில் வரும்போதே பழசாகிவிடுகிறது. கோரிக்கையை நேரே அனுப்பிவிட்டு, அது தோற்றால் எப்படித் தோற்றது என்று நிதானமாகப் படிப்பதே சரியான வழி. இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சில நியாயமானவை. அவற்றுக்கும் வருவோம்.

முதலில், 'ஆன்லைன்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனிக் கேள்விகள் ஒளிந்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கைபேசிக்கு ஏதாவது ஒரு வலையமைப்போடு தொடர்பு இருக்கிறதா? அந்தத் தொடர்புக்குப் பின்னால் உண்மையில் இணையம் இருக்கிறதா? நம்முடைய சர்வர் நாம் கேட்கும் வேலையை இப்போது செய்து தருமா? ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கின்றன. இரண்டாவதற்கு ஓரளவு சொல்கின்றன. மூன்றாவது கேள்வியைப் பற்றி அவற்றுக்கு எதுவுமே தெரியாது. பயனருக்கு வேண்டியதோ அந்த மூன்றாவது மட்டும்தான். முதல் கேள்வியின் பதிலை வைத்து மூன்றாவதைச் சொல்வது, கம்பத்தில் கம்பி இருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் மின்சாரம் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

இதை நாமாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நிறுவனங்களின் ஆவணங்களே சொல்கின்றன. ஆப்பிளின் பழைய ரீச்சபிலிட்டி வசதிக்கான ஆவணத்தில், ஒரு சர்வர் 'எட்டக்கூடியது' என்பதன் பொருள், அதற்கு அனுப்பிய பாக்கெட் இந்தக் கருவியை விட்டு வெளியேற முடியும் என்பது மட்டுமே என்றும், அது போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஐஓஎஸ் 12-இல் வந்த பாத் மானிட்டரும் பாதை இருக்கிறதா என்றுதான் சொல்லும், பாதையின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகள் எல்லோரும் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்த நெட்வொர்க் இன்ஃபோ என்ற வகுப்பைக் கூகுள் ஆண்ட்ராய்டு 10-இல் கைவிடச் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கேப்பபிலிட்டி முறையில் 'இன்டர்நெட்', 'வேலிடேட்டட்' என்று இரண்டு தனித்தனிக் கொடிகள் இருக்கின்றன. முதல் கொடி, இந்த வலையமைப்பு இணையத்துக்காக அமைக்கப்பட்டது என்கிறது. இரண்டாவது, இணையத்தைத் தொட்டுப் பார்த்தோம், கிடைத்தது என்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருந்திருந்தால் இரண்டு கொடிகள் தேவைப்பட்டிருக்காது.

'தொட்டுப் பார்த்தோம்' என்பதன் உள்ளே போனால் இன்னும் சுவாரசியம். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு தானாகவே கூகுளின் ஒரு முகவரிக்குச் சிறு கோரிக்கை அனுப்பும். உள்ளடக்கம் எதுவுமில்லாத 204 என்ற பதில் வந்தால் இணையம் உண்டு என்று முடிவு செய்யும். ஆப்பிள் கருவிகளும் தங்கள் நிறுவனத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்து, எதிர்பார்த்த சொல் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்கும். இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் ஓட்டல், விமான நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வைஃபைகள். இந்திய ரயில் நிலையங்களில் உள்ள இலவச வைஃபையில் சேர்ந்தவுடன் சிக்னல் முழுசாகத் தெரியும். ஆனால் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போடும்வரை எதுவும் வெளியே போகாது. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். இப்படிப்பட்ட வைஃபைகளில் சில, நம் கோரிக்கையை இடைமறித்துத் தங்கள் உள்நுழைவுப் பக்கத்தை 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு திருப்பி அனுப்பும். பாதுகாப்பற்ற பழைய எச்டிடிபியில், '200 வந்தால் சர்வர் இருக்கிறது' என்று எழுதிய செயலி அந்த ஓட்டலின் பக்கத்தைத் தன் சர்வர் என்று நம்பிவிடும்.

அப்படியானால் இயங்குதளமே செய்து தரும் இந்தச் சோதனையை நம்பிவிடலாமே என்று தோன்றும். சீனாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கூகுளின் முகவரி தடுக்கப்பட்டிருப்பதால், மாற்றம் செய்யப்படாத ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வைஃபை குறிமேல் ஆச்சரியக்குறி விழுந்தது. இணையம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, உள்நாட்டுச் சர்வர்கள் எல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன, கைபேசி மட்டும் 'இணையம் இல்லை' என்றது. நம் ஊர்க் கிடங்கிலோ தொழிற்சாலையிலோ இதே நிலை வேறு வடிவில் வரும். உள்ளேயே ஒரு சர்வர் வைத்து, வெளி இணையம் இல்லாத வைஃபையில் சரக்குக் கணக்கெடுக்கும் செயலி ஓட்டினால், அதன் சர்வர் பத்தடி தூரத்தில் இருக்கும். கைபேசியோ இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று முடிவுகட்டி, மொபைல் டேட்டாவுக்குத் தாவி, அந்தப் பத்தடி சர்வரையும் இழந்துவிடும். அந்த மாதிரி இடத்துக்கு எழுதுகிறவர்கள், இணையம் வேண்டாம், வைஃபை போதும் என்று இயங்குதளத்திடம் வலையமைப்பைத் தனியே கேட்டு வாங்கி, தங்கள் கோரிக்கைகளை அதோடு கட்டிவைக்க வேண்டியிருக்கும். 'இணையம் இருக்கிறதா' என்பதும் 'என் சர்வர் இருக்கிறதா' என்பதும் இரு திசையிலும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கூகுளின் 8.8.8.8-ஐத் தட்டிப் பார்க்கும் நிரல் துண்டு இன்னும் பல செயலிகளில் இருக்கிறது. அது கூகுளின் நலம் விசாரிக்கிறது. உங்கள் சர்வரைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

சரி, சொந்தச் சர்வரையே பிங் செய்தால்? 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங், வலையமைப்பைப் பராமரிப்பவர்களுக்கு இன்றும் நல்ல கருவிதான். ஆனால் அது பேசுவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில். உங்கள் செயலி பேசுவதோ டிசிபி மேல் எச்டிடிபிஎஸ்ஸில். இரண்டும் ஒரே கம்பியில் போனாலும் வழியில் இருக்கும் ஃபயர்வால்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அமேசான் கிளவுடில் புதிதாக உருவாக்கும் செக்யூரிட்டி குரூப்பில், அனுமதி கொடுக்கும்வரை உள்ளே வரும் பிங் நுழையாது. 443-ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவைத்திருக்கும் ஒரு சர்வர் ஆயிரக்கணக்கானோருக்குச் சேவை செய்துகொண்டே பிங்குக்கு வாய் திறக்காமல் இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. வலைச் சர்வர் மென்பொருள் நின்றுபோன இயந்திரம் பிங்குக்குச் சளைக்காமல் பதில் சொல்லும், ஏனென்றால் பதில் சொல்வது அதன் கெர்னல். ஜாவாவில் இருக்கும் 'ரீச்சபிள்' என்ற மெத்தட் இன்னும் குழப்பும். அதன் ஆவணத்தின்படி, ஐசிஎம்பி அனுப்ப அனுமதி இல்லையென்றால் அது எதிர்முனையின் 7-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும். எக்கோ சேவைக்கான அந்தப் போர்ட்டை இன்று யாரும் திறந்துவைப்பதில்லை. ஃபயர்வால் அந்தப் பாக்கெட்டை ஓசையின்றி விழுங்கிவிட்டால், நன்றாக ஓடும் சர்வரை அந்த மெத்தட் இல்லை என்று சொல்லிவிடும்.

இந்தப் பொறிகளையெல்லாம் தாண்டியவர்கள் சர்வரில் 'ஹெல்த்' என்று ஒரு தனி முகவரி வைத்து, செயலி அதை எச்டிடிபிஎஸ்ஸிலேயே கேட்கும்படி செய்வார்கள். இருப்பவற்றில் இது மேலானது. லோட் பேலன்சருக்கும் கண்காணிப்பு மென்பொருளுக்கும் இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். செயலிக்கு இது போதுமா என்பதே கேள்வி. ஹெல்த் முகவரி 'நலம்' என்று மட்டும் சொல்லும்படி எளிமையாக எழுதினால், டேட்டாபேஸ் விழுந்து கிடக்கும்போதும் நலம் என்றே சொல்லும். டேட்டாபேஸ், கேஷ், பணம் வாங்கும் சேவை என எல்லாவற்றையும் சோதிக்கும்படி எழுதினால், பயனருக்கு இப்போது தேவைப்படாத ஏதோ ஒன்று விழுந்ததற்காக எல்லாமே விழுந்ததாகச் சொல்லும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோனதன் பின்கதையில் இது நேரடியாகவே இருக்கிறது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அவர்களின் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் தாங்களே நலமில்லை என்று கருதி இணையத்திலிருந்து தங்கள் வழித்தட அறிவிப்புகளை விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அப்படியே விலக்கிக்கொண்டன. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் யாராலும் அவற்றை எட்ட முடியவில்லை என்று அந்த நிறுவனமே பின்னர் விளக்கியது. உலகின் மிகப் பெரிய பொறியியல் குழுக்களில் ஒன்று எழுதிய நலச் சோதனை அது. சர்வர் உயிரோடு இருப்பதும் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதோடு, சோதனையே ஒரு முடிவை எடுக்கும்போது அந்தச் சோதனையின் தவறும் பெருகும் என்பதை அந்த ஆறு மணி நேரம் காட்டியது.

இவற்றையெல்லாம் பொறியியல் குறைபாடுகள் என்று சொல்லி, சிறந்த சோதனை ஒன்றை எழுதிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கலாம். நம்பிக்கைக்கு எல்லை உண்டு. அதைக் கணினி அறிவியல் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்துவிட்டது. செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு மேல்வரம்பு இல்லாத வலையமைப்பில், எதிர்முனை இறந்துவிட்டதா அல்லது தாமதிக்கிறதா என்று உறுதியாகப் பிரித்தறிய முடியாது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பாட்டர்சன் மூவரும் நிறுவிய புகழ்பெற்ற முடிவின் வேர் இதுதான். கைபேசி இணையம் அப்படிப்பட்ட வலையமைப்பே. ஐந்து நொடி பதில் வராவிட்டால் 'இல்லை' என்று நாம் சொல்வது நாம் தேர்ந்தெடுத்த ஒரு வரம்பு, கண்டறிந்த உண்மை ஆகாது. அதற்கு ஓர் ஆண்டு முன்னால் எம்ஐடியைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் சாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வழியில் எத்தனை சோதனைகள் வைத்தாலும், வேலை சரியாக முடிந்ததா என்பதை இரு முனைகளில் இருக்கும் நிரல்கள்தான் கடைசியில் உறுதி செய்தாக வேண்டும். அதைச் செய்துவிட்டால் நடுவழிச் சோதனைகள் சரித்தன்மைக்குத் தேவையில்லை, வேகத்துக்கு உதவினால் உதவலாம். நம் முன்சோதனைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சோதனை 'ஆம்' என்ற பிறகும் உண்மையான கோரிக்கை தோற்கலாம். லிஃப்டுக்குள் நுழைந்தால் போதும், இரண்டு நொடியில் சிக்னல் போய்விடும். எனவே தோல்வியைக் கையாளும் நிரலை எப்படியும் எழுதியே ஆக வேண்டும். எழுதிவிட்டால் முன்சோதனைக்கு வேலை இல்லை. இருந்தால் கெடுதல்தான், ஏனென்றால் அது தவறாக 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வெற்றி பெற்றிருக்கக்கூடிய ஒரு கோரிக்கையைப் பிறக்கவிடாமல் தடுக்கிறது.

இனி, தோல்வியைப் படிப்பது. பல செயலிகள் கோரிக்கை தோற்ற எல்லா வகைகளையும் ஒரே வலையில் பிடித்து ஒரே செய்தியாகக் காட்டிவிடுகின்றன. உண்மையில் தோல்வி பேசும். பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை என்ற டிஎன்எஸ் பிழை வந்தால், பெரும்பாலும் பயனரின் பக்கத்தில் இணையமே இல்லை. இங்கேதான் இயங்குதளத்தின் வலையமைப்பு நிலையைக் கேட்டுப் பார்த்து, 'உங்கள் கைபேசியில் இணையம் இல்லை' என்று தைரியமாகச் சொல்லலாம். தோல்விக்குப் பிறகு காரணம் தேடக் கேட்பதில் தவறில்லை, முன்னால் கேட்டு வாசலில் நிறுத்துவதுதான் தவறு. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், அந்த இயந்திரம் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு மென்பொருள் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது உங்கள் தவறு, பயனரின் வைஃபையைக் குறைசொல்லாதீர்கள். பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் யார் பக்கம் தவறு என்று தெரியாது, தெரிந்ததுபோல் பேசவும் கூடாது. சான்றிதழ்ப் பிழை வந்தால் ஓட்டல் வைஃபை இடைமறிக்கிறது, அல்லது கைபேசியின் தேதி தவறாக இருக்கிறது, அல்லது உங்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்கள் பல காலமாகச் சாய்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, எந்தச் சர்வரும் விழவில்லை; பழைய மென்பொருள் கொண்ட கருவிகள் பலவற்றுக்கு மட்டும் அவை இல்லாமல் போயின. 502, 503, 504 வந்தால் சர்வரின் வாசல் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை; 503-உடன் எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லும் தலைப்பும் சில நேரம் வரும், அதை மதியுங்கள். 401 வந்தால் சர்வர் முழு நலத்தோடு இருக்கிறது, பயனர் மறுபடி உள்நுழைய வேண்டும் அவ்வளவே. இதற்குப் போய் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று காட்டும் செயலிகள் இருக்கின்றன என்பது கொடுமை.

முன்சோதனையை ஆதரிப்பவர்கள் வைக்கும் முதல் வாதம் காத்திருப்பு. நேரே அனுப்பினால், சர்வர் இல்லாதபோது பயனர் ஒரு நிமிடம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, சிறு சோதனை என்றால் மூன்று நொடியில் தெரிந்துவிடுமே என்பார்கள். குறை உண்மை, மருந்து தவறு. ஐஓஎஸ்ஸின் இயல்பான கோரிக்கை டைம்அவுட் 60 நொடி. ஜாவாவின் பழைய எச்டிடிபி வகுப்பில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது. இணைப்புக்கான முதல் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால், லினக்ஸ் கெர்னல் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் கைவிட இயல்பு அமைப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓகேஎச்டிடிபி நூலகம் இணைக்க, படிக்க, எழுத என ஒவ்வொன்றுக்கும் 10 நொடி என்று நிதானமாக வைத்திருக்கிறது. ஆகவே டைம்அவுட்டை நீங்களே வையுங்கள், அதுவும் இரண்டாகப் பிரித்து. இணைப்பு ஏற்படுவதற்கான வரம்பைச் சில நொடிகளாகக் குறுக்கினால், முன்சோதனை தரும் அதே விரைவான 'இல்லை' கோரிக்கையிலிருந்தே கிடைத்துவிடும்; இணைப்பு கிடைத்தபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, அந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதைப் பொறுத்துத் தாராளமாக வையுங்கள். சர்வர் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். சர்வர் இருப்பதே வழக்கமான நிலை. முன்சோதனை உள்ள செயலி அந்த வழக்கமான நிலையில் ஒவ்வொரு முறையும் ஒரு கூடுதல் சுற்றுப் பயணம் போகிறது. அரிதான தோல்வியை விரைவாகச் சொல்வதற்காக எல்லா வெற்றிகளையும் தாமதப்படுத்துகிறது.

இரண்டாவது வாதம் வலுவானது. பயனர் இருபது நிமிடம் உட்கார்ந்து நீண்ட விண்ணப்பத்தை நிரப்பி, கடைசியில் அனுப்பும்போது தோற்றால் என்ன செய்வது? முன்பே சொல்லியிருக்கலாமே? சொல்லுங்கள், தடையாக வைக்காமல் குறிப்பாக. இயங்குதளம் வலையமைப்பு மாறும்போதெல்லாம் தானாக அறிவிக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்து, இணையம் போனால் திரையின் மேலே ஒரு மெல்லிய பட்டையில் 'ஆஃப்லைன்' என்று காட்டுங்கள். பொத்தானை முடக்காதீர்கள். அந்தப் பட்டை தவறாக இருந்தாலும் பயனர் முயன்று பார்க்க வழி இருக்க வேண்டும். இருபது நிமிட உழைப்பைக் காப்பாற்றுவது முன்சோதனையால் ஆகாது. எழுதியதை எழுத எழுதக் கைபேசியிலேயே சேமித்துவைப்பதால் ஆகும். அனுப்புவதையும் பின்னணிக்குத் தள்ளிவிடலாம். ஆண்ட்ராய்டின் வொர்க் மேனேஜரிடம் வலையமைப்பு வந்ததும் அனுப்பு என்று ஒப்படைத்தால், செயலி மூடப்பட்டாலும் அது பார்த்துக்கொள்ளும். ஐஓஎஸ் 11 முதல், இணைப்பு வரும்வரை தோற்காமல் காத்திருக்கும்படி கோரிக்கையிடமே சொல்லிவைக்கலாம். இந்த இரண்டு வசதிகளையும் தந்த நிறுவனங்கள் நாம் முன்கூட்டிக் கேட்பதை விரும்பவில்லை என்பது அந்த வடிவமைப்பிலேயே தெரிகிறது.

ஆனால் மறுபடி அனுப்புவது என்று வந்துவிட்டால் புதிய ஆபத்து ஒன்று சேர்கிறது, இதை முன்சோதனைக்காரர்கள் சரியாகவே சுட்டுகிறார்கள். பதில் வராமல் நேரம் கடந்தது என்றால், கோரிக்கை போகவே இல்லை என்று பொருளல்ல. போய், வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும். யுபிஐ பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். வெற்றி, தோல்வி தவிர 'பெண்டிங்' என்ற மூன்றாவது நிலை அங்கே இருப்பது இதனால்தான். சர்வர் இருக்கிறதா என்று முன்னால் கேட்டதால் இந்தச் சிக்கல் தீராது, ஏனென்றால் பதில் தொலைவது அதற்குப் பிறகு. ஒவ்வொரு செயலுக்கும் செயலியே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் முதல் பதிலையே தர வேண்டும். எண்ணைப் பொத்தான் தட்டிய கணத்தில் உருவாக்கிச் சேமியுங்கள். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் உருவாக்கினால் இந்த ஏற்பாடே வீண். வெறுமனே தகவலைப் படிக்கும் கோரிக்கைகளுக்கு இது தேவையில்லை, எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுதான்.

மறுமுயற்சியின் வேகத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஃபேஸ்புக் விழுந்த அதே நாளில், உலகெங்கும் உள்ள கைபேசிச் செயலிகளும் மனிதர்களும் விடாமல் முயன்றதால், பொது டிஎன்எஸ் சேவைகளுக்கு வழக்கத்தைவிட 30 மடங்கு கேள்விகள் வந்ததாக கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் எழுதியது. ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி, அதோடு தொடர்பே இல்லாத சேவைகளையும் அசைத்தது. முதல் தோல்விக்குப் பின் ஒரு நொடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய் ஓர் உச்சத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் தற்செயலைக் கலக்க மறக்க வேண்டாம். கலக்காவிட்டால், ஒரே கணத்தில் துண்டிக்கப்பட்ட லட்சம் கைபேசிகளும் ஒரே கணத்தில் திரும்பி வந்து, எழுந்து நிற்க முயலும் சர்வரை மறுபடி தள்ளிவிடும். சில நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்கும் முன்சோதனை, சர்வர் நலமாக இருக்கும்போதே இந்தக் கூட்டத்தை உண்டாக்குகிறது. கைபேசியின் பேட்டரிக்கும் அது கேடு. ஒரு சிறு பாக்கெட் அனுப்பினாலும் மொபைல் ரேடியோ பல நொடிகள் உயர் மின்நிலையிலேயே விழித்திருக்கும்.

இனி விதிவிலக்கு. சில செயலிகளில் அந்தக் கேள்வியே பயனர் வாங்க வந்த பொருள். வீட்டுக் கண்காணிப்பு கேமராவின் பெட்டி, தோட்டத்துப் பம்ப்செட்டின் கட்டுப்பாட்டுக் கருவி, நிறுவனத்தின் சர்வர்களைக் கவனிக்கும் பொறியாளரின் செயலி, விளையாட்டுச் சர்வர்களின் பட்டியல் ஆகியவற்றில் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் காட்டித்தான் ஆக வேண்டும். அங்கேயும் மேலே சொன்ன வாதம் செல்லும், வேறு வடிவில். பயனர் எந்த நெறிமுறையில் பயன்படுத்தப் போகிறாரோ அதே நெறிமுறையில், அதே போர்ட்டில், முடிந்தால் அதே வகைக் கோரிக்கையால் சோதியுங்கள். மைன்கிராஃப்ட் இதற்கு நல்ல முன்மாதிரி: பட்டியலில் சர்வர் தெரிவது பிங்கால் அல்ல, விளையாட்டின் சொந்த நெறிமுறையிலேயே வழக்கமாக 25565-ஆம் போர்ட்டில் கேட்டு, எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற விவரத்தோடு வரும் பதிலால். கருவிகள் நிறைய இருந்தால், கைபேசி ஒவ்வொன்றையும் தட்டுவதைவிட, எப்போதும் விழித்திருக்கும் ஒரு நடுச் சர்வரிடம் அவை தாமாக வந்து பதிவு செய்யட்டும். எம்க்யூடிடி நெறிமுறையில், கருவி சொல்லாமல் மறைந்தால் அறிவிக்க வேண்டிய கடைசிச் செய்தியை முன்பே ஒப்படைத்துவைக்கும் வசதியே இருக்கிறது. எந்த வழியானாலும் திரையில் 'ஆன்லைன்' என்று மொட்டையாக எழுதாமல், 'கடைசியாகப் பதில் வந்தது: காலை 10.42' என்று எழுதுங்கள். முன்னது ஊகம், பின்னது நடந்தது. தோட்டத்துக்கு நேரில் போக வேண்டுமா என்று விவசாயி முடிவெடுக்க அந்த நேரம்தான் உதவும்.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. விமானப் பயன்முறையைப் போட்டுப் பார்த்து 'ஆஃப்லைன் வேலை செய்கிறது' என்று முடித்துக்கொள்பவர்கள் மிகச் சுலபமான தோல்வியை மட்டும் சோதிக்கிறார்கள். வைஃபை ரவுட்டரை ஓடவிட்டு, அதற்கு வரும் இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். சர்வர் மென்பொருளை நிறுத்தி, உடனடி மறுப்பு வரும்போது என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். பிறகு அதே போர்ட்டை ஃபயர்வாலில் ஓசையின்றி விழுங்கவைத்துப் பாருங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் கைக்கு வரும். கோரிக்கை பாதியில் இருக்கும்போது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். கைபேசியின் தேதியை இரண்டு ஆண்டு முன்னால் தள்ளிவைத்துத் திறந்து பாருங்கள். உருவாக்கும் கட்டத்திலேயே 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்தால், சர்வரைச் சந்தேகிக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது: ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டில் இணைய அனுமதி எழுதியிருக்கிறதா, முகவரி பழைய எச்டிடிபியாக இருந்து, ஆண்ட்ராய்டு 9-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் தொடங்கி இயல்பாகவே தடுக்கப்படுகிறதா, ஐஓஎஸ் 14-இல் வந்த உள்வலையமைப்பு அனுமதியைப் பயனர் மறுத்திருக்கிறாரா. உங்கள் கணினியில் ஓடும் சர்வரை ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலிருந்து தேடுகிறீர்கள் என்றால், 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது அங்கே எமுலேட்டரையே குறிக்கும், கணினிக்கு 10.0.2.2 என்று போட வேண்டும்.